ரெவர்பரேஷன்: ‘எதிர்முழக்கம்’ கடலுக்குப் பொருந்துமா?

நீங்கள் தமிழில் எழுதும் சோனார் (ஒலியால் நீரடிப் பொருள்களைத் தேடும் முறை) நூலில் ரெவர்பரேஷனுக்கு, அதாவது அனுப்பிய ஒலி பல இடங்களில் பட்டுத் திரும்பி நீடிப்பதற்கு, ‘எதிர்முழக்கம்’ வேண்டாம் என்பது என் கருத்து. அது மண்டபத்துக்குரிய சொல். சுவருக்குச் சுவர் மோதி ஒரே ஒலி தேய்ந்து தேய்ந்து நீள்வதற்கு அது நன்றாகவே பொருந்தும். கடலில் நடப்பது வேறு. ஒரு துடிப்பை அனுப்பியதும் மணல், சிப்பி, குமிழி, மிதவையுயிர் ஒவ்வொன்றும் துளித்துளியாகத் திருப்பியனுப்ப, எல்லாம் கலந்து ஏற்பிக்கு (ஒலியை வாங்கும் கருவிக்கு) வருகின்றன. ஆகவே ‘சிதறொலி’ என்போம். கடலடிச் சிதறொலி, பரப்புச் சிதறொலி, நீரிடைச் சிதறொலி என மூவகையும் இயல்பாகப் பிரிகின்றன.

எதிரொலியும் சிதறல்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இயற்பியலில் ஆம். ஆனால் தேடும் பொருளிலிருந்து வருவது எதிரொலி, அதை மறைப்பது சிதறொலி. இரண்டுக்கும் அடிப்படையான நிகழ்வைப் ‘பின்சிதறல்’ எனலாம்.

இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் புள்ளியியலும் விளங்கும். நீரில் ஒலிவேகம் நொடிக்கு சுமார் 1500 மீட்டர். 1 மில்லிநொடித் துடிப்பு தொலைவில் 0.75 மீட்டர்தான் பிரித்துக் காட்டும். 1 பாகை ஒலிக்கற்றை 100 மீட்டரில் 1.75 மீட்டர் அகலம். இந்தத் துண்டுக்குள் சிதறிகள் ஏராளமாக இருந்து, எதுவும் தனித்து ஓங்காமல், ஒவ்வொன்றின் கட்டமும் (அலையின் ஏற்ற இறக்க நிலையும்) தன்போக்கில் அமைந்தால், கூட்டு வீச்சு (அலையின் உயரம்) ராலே பரவலாகவும் செறிவு (வீச்சின் இருமடி அளவு) அடுக்குக்குறிப் பரவலாகவும் அமையும். எந்த மதிப்பு எவ்வளவு அடிக்கடி வரும் என்று காட்டுபவை இந்தப் பரவல்கள். சராசரிச் செறிவின் 9.2 மடங்கில் வாசல் வைத்து, அதைத் தாண்டுவதையெல்லாம் தேடும் பொருள் என்று கொண்டால், சிதறொலியே தாண்டுவதால் வரும் பொய் எச்சரிக்கை பத்தாயிரத்துக்கு 1.

20 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டையில் அலைவெண் மாறும் துடிப்புக்குப் போனால் அந்த 0.75 மீட்டர் 3.75 சென்டிமீட்டராகச் சுருங்கும். துண்டில் சிதறிகள் எண்ணிவிடும் அளவுக்குக் குறைந்தால் ராலே பொய்த்து, பெரிய மதிப்புகள் அடிக்கடி வர இடம்தரும் கே-பரவல் தேவைப்படும். அதன் வடிவப் பண்பளவை (பரவலின் வடிவத்தைத் தீர்மானிக்கும் எண்) சிதறிகளின் எண்ணிக்கையோடு ஏறி இறங்கும். அது 1 ஆனால், அதே வாசலில் பொய் எச்சரிக்கை பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ 75! பரவலின் வால் (மிகப் பெரிய மதிப்புகள் வரும் பகுதி) தடித்துவிட்டது. இதற்குத் ‘தடிவால்’ போதும். ‘நீள்வால்’ என்றால், ராலே வாலும் முடிவின்றி நீள்வதுதான்.

இன்னொன்று: டெசிபலில் சொல்வதற்கும் நேரளவில் (மடக்கை எடுக்காமல்) சொல்வதற்கும் ‘வலிமை’ என்ற ஒரே சொல்லைப் போடாதீர்கள். அடுக்குக்குறிப் பரவலில் டெசிபல் மதிப்புகளைச் சராசரி எடுத்தால் விடை உண்மையைவிட 2.5 டெசிபல் குறையும். செறிவைச் சராசரி எடுத்தபின்தான் மடக்கை எடுக்க வேண்டும். நேரளவுக்குச் ‘செறிவு’, டெசிபலுக்கு ‘மட்டம்’ என்று பிரித்து வைத்தால், எதைச் சராசரி எடுப்பது என்ற குழப்பம் வாசகருக்கு வராது.