கருவிலுள்ள குழந்தை உறங்கும்போது இதயத்துடிப்பு ஏன் மாறுகிறது?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
வணக்கம். எனக்கு இது 34ஆம் வாரம். நேற்று வயிற்றில் இரண்டு பெல்ட்டுகளைக் கட்டி என்.எஸ்.டி. (குழந்தையின் இதயத்துடிப்பைத் தாளில் பதிவு செய்யும் சோதனை) எடுத்தபோது, துடிப்பு வெகுநேரம் 135ஐ ஒட்டியே ஏற்ற இறக்கம் அதிகமின்றிச் சென்றது. குழந்தை தூங்குகிறது என்று கூறிய செவிலியர், என்னை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். பிறகு தாளில் கோடு மேடுமேடாக ஏறத் தொடங்கியதும் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். ஸ்கேன் அறிக்கையிலோ மூச்சசைவு இருப்பதாக எழுதியுள்ளது. நீருக்குள் இருக்கும் குழந்தை எதைச் சுவாசிக்கிறது? ஜூஸ் குடித்துவிட்டுப் போயிருந்தால் விழித்திருக்கும் என்கிறார் என் மாமியார். அது சரியா?

பதில் 1 (லாஸ்பேட்டை, புதுச்சேரி, ஓய்வுபெற்ற செவிலியர்):
அச்சம் வேண்டாம், அம்மா. ஆழ்ந்த உறக்கத்தில் துடிப்பு சீராகத் தோன்றுவது இயல்பே. அது பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம் நீடிக்கும், சில வேளைகளில் அதற்கு மேலும் செல்லும் என்பதால்தான் நாங்கள் அவசரப்படாமல் காத்திருக்கிறோம். 32 வாரத்துக்குப் பின், துடிப்பு 15 எண்ணிக்கையாவது உயர்ந்து 15 விநாடியாவது நீடிக்கும் ஏற்றம், 20 நிமிடத்தில் இரண்டு முறை வந்தால் போதும். இனிப்புக் கொடுத்தால் குழந்தை விழித்துக்கொள்ளும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆயினும் தாய் உணவருந்திய பின் மூச்சசைவு கூடுவது உண்மை.

பதில் 2 (நெய்வேலி, உடலியங்கியல் ஆசிரியர்):
குழந்தைக்கு வேண்டிய பிராணவாயு நஞ்சுக்கொடி வழியாகவே வருகிறது; எனவே அந்த அசைவு காற்றுக்கானதன்று. உதரவிதானம் சுருங்கி விரியும்போது, திரவம் நிறைந்த நுரையீரல் விரிந்து வளர்கிறது. விலங்குகளில் இவ்வசைவைத் தடுத்தபோது நுரையீரல் சிறுத்தே போயிற்று. நிறைமாதக் குழந்தைகூட இடைவிடாமல் இவ்வாறு செய்வதில்லை. ஏறத்தாழ 30 விழுக்காட்டு நேரமே செய்கிறது, அதுவும் பெரும்பாலும் கண்கள் உருளும் சுறுசுறுப்பான உறக்கத்தில்.

துடிப்பை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகளும், அதைத் தணிக்கும் வேகஸ் நரம்பும் மூளைத்தண்டின் கட்டுப்பாட்டில் இயங்குகின்றன. ஆழ்ந்த உறக்கத்தில் உடல் அசைவு ஓய்வதால் ஏற்றங்களும் அருகுகின்றன. மூச்சசைவு தொடங்கினாலோ ஒவ்வொரு துடிப்புக்கும் இடையிலான நுண்ணிய வேறுபாடு கூடுகிறது. ஆய்வாளர் பிரெக்டல் குழுவினர் 1982இல் குழந்தையின் உறக்க, விழிப்பு நிலைகளை நான்காக வகுத்தனர். அவை 36 வாரத்துக்குப் பின்னரே தெளிவாகப் பிரியும் என்பதால், உங்கள் வாரத்தில் ஒன்றோடொன்று கலந்திருப்பது இயற்கையே.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. வீட்டில் அசைவு தெரியாவிட்டாலும் உறக்கம் என்றே கொள்ளலாமா?

பதில் 1:
அவ்வாறு நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள், அம்மா. இடப்பக்கம் படுத்து அசைவைக் கவனியுங்கள். வழக்கத்தைவிடக் குறைந்திருப்பதாக உணர்ந்தால், இரவானாலும் மறுநாள் வரை பொறுக்காமல் மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள். பிராணவாயு குறைந்தாலும் மூச்சசைவு நின்று, துடிப்பின் ஏற்ற இறக்கம் மங்கும். அது உறக்கமா, பிராணவாயுக் குறைவா என்பதை வெளியிலிருந்து பிரித்தறிய இயலாது. நேற்று உங்களுக்குக் கட்டிய அதே பெல்ட்டும் ஸ்கேனும்தான் சொல்ல வேண்டும்.