மாச்சிட்டோ பாண்டைப் போலத் தவிலோடு கலப்பது எப்படி?

நல்லூர்ப் பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருக்கிறோம். கீபோட், பேஸ் கிற்றார், ட்ரம்ஸ், கூடவே தவில். இப்போது எங்களுக்குப் பிடித்திருக்கிற பைத்தியம் மாச்சிட்டோவின் ஆப்ரோ கியூபன்ஸ். கியூபாவிலிருந்து நியூயோர்க்குக்குப் போனவர்கள் 1940இல் தொடங்கிய பாண்ட். ஒரு பக்கம் ஜாஸ் ட்ரம்பெட், சாக்சபோன், மறுபக்கம் காங்கா, பொங்கோ, டிம்பாலி என்று கியூபத் தாள வாத்தியங்கள், ஆனால் எங்கேயும் ஒட்டுப் போட்ட மாதிரித் தெரியவில்லை. நாங்கள் செய்தால் பாட்டு நடுவில் நின்று, தவில் தனியாக வாசித்து, பிறகு பாட்டுத் தொடர்கிறது. இதை எப்படிச் சரிப்படுத்துவது?

ஸ்காபரோ அக்கா:
தம்பி, மாச்சிட்டோ முன்னால் நின்று பாடியவர், மராக்காஸ் என்ற கிலுக்கை ஆட்டியவர். அந்த இசையை உள்ளே இருந்து கட்டியவர் அவருடைய மைத்துனர் மாரியோ பௌசா. 1930இல் ஹவானாவிலிருந்து நியூயோர்க் வந்த ட்ரம்பெட்காரர். வந்தவுடனே கலவை இசை செய்யவில்லை. சிக் வெப், கேப் கேலவே என்று கறுப்பின ஜாஸ் பாண்டுகளுக்குள் வருடக்கணக்காக உட்கார்ந்து வாசித்து அந்த இசையைக் கரைத்துக் குடித்த பிறகுதான் மாச்சிட்டோவோடு சேர்ந்தார். 1943இல் பௌசா செய்த 'தாங்கா'வை ஆப்ரோ கியூபன் ஜாஸின் தொடக்கம் என்றே பலர் சொல்கிறார்கள். டிஸி கில்லெஸ்பி என்ற ஜாஸ் ட்ரம்பெட்காரருக்கு சானோ போசோ என்ற காங்காக்காரரை அறிமுகப்படுத்தியதும் அவர்தான். உங்கள் கீபோட்காரர் தவில் சமா ஒன்றை இரவு முழுக்க இருந்து கேட்டிருக்கிறாரா? முதலில் அவரை அப்படி இருந்து கேட்க வையுங்கள். இன்னொன்று, நிறவெறி மிகுந்த அந்த அமெரிக்காவில் பாண்டின் பெயரிலேயே 'ஆப்ரோ' என்று போட்டுக்கொண்டு மேடை ஏறினார்களே, அந்தத் துணிவை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

இணுவிலான்:
அக்கா சொன்னது சரி. நான் தவில் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கியூப இசையில் எல்லாவற்றுக்கும் அடியில் கிளேவ் என்று ஐந்து தட்டு ஓடும். பியானோ, பேஸ், பாடகர், ட்ரம்பெட் எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். உங்களுக்கு அது புதிதே இல்லை. தகிட தகிட தகதிமி தக தகதிமி என்று சொல்லிப் பாருங்கள், ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் கை தட்டுங்கள். 3, 3, 4, 2, 4, மொத்தம் 16. அதுதான் சோன் என்ற கியூப இசையின் கிளேவ். முதல் பாதியில் 3 தட்டு, மறுபாதியில் 2 தட்டு. ஆதி தாளத்து 8 அட்சரத்துக்கு இரண்டு இரண்டாக அப்படியே உட்கார்ந்துவிடும். தவில்காரர் இதற்குள் என்ன கணக்கு வேண்டுமானாலும் போடட்டும், முடிவு மட்டும் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் முதல் தட்டில், விழவேண்டும். ஆனால் பாட்டின் பாதியில் ஒரு அரை ஆவர்த்தனத்தை (தாளச் சுற்றில் பாதியை) கூட்டியோ குறைத்தோ விட்டீர்கள் என்றால் 3 பக்கமும் 2 பக்கமும் இடம் மாறிவிடும், பிறகு மெட்டு ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம்தான். உங்கள் பாட்டில் ஒட்டாமல் நிற்பதற்கும் இப்படி எல்லாரும் ஒரே தட்டுக்குக் கட்டுப்படாததே காரணம் என்று நினைக்கிறேன், ட்ரம்ஸ்காரர் நேர் நாலு அடிக்க, தவில் வேறு கணக்கில் போகிறது.

வன்னிக் காற்று:
கியூபா நல்லதுதான், ஆனால் புத்தளத்தில் இருக்கிற காப்பிரி மக்களின் மான்ஜா பாட்டையும் ஒருக்கால் கேளுங்கள். ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள், எங்கள் தீவிலேயே இருக்கிறார்கள். இங்கத்தைய ஆட்டப் பாட்டான பைலாவுக்குள் அவர்களின் தாளமும் இருக்கிறது.

நல்லூர்ப் பெடியன்:
இணுவில் அண்ணை, தகிட தகிட சொல்லிப் பார்த்தோம், நேராகவே பிடிபடுகிறது! மிக்க நன்றி. அந்த ஐந்து தட்டை யார் வாசிப்பது? தவில் அண்ணையா, ட்ரம்ஸ்காரரா?

இணுவிலான்:
இரண்டு பேருமில்லை தம்பி. கோயில் மேளத்தில் தாளம் போட ஒருவர் தனியாக இருப்பாரே, அப்படி ஒருவரைப் பிடியுங்கள், பாடுகிறவரே என்றாலும் பரவாயில்லை. கையில் கெட்டியான மரத்தில் இரண்டு கட்டை. தவில் தனி ஓடும்போதும் அவர் நிறுத்தக்கூடாது. ட்ரம்ஸ்காரரை முதல் பாட்டுக்குக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு பதிவு எடுத்து இங்கே போடுங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.