பண்டேராவை விட்டுட்டு கவ்பாய் ஊர் பாத்தேன்னு எழுதாதீங்க

அலமோமாமா:
டல்லாஸ்தம்பி போன வாரம் ஒரு பதிவு போட்டிருந்தார், ஒரே நாள்ல டெக்ஸாஸ் கவ்பாய் நாட்டைச் சுத்திட்டாராம். காலைல ஃபோர்ட் வொர்த்தோட பழைய மாட்டுச் சந்தையான ஸ்டாக்யார்ட்ஸ், மத்தியானம் கிரான்பரி, சாயங்காலம் ஸ்டீவன்வில். போனாரு வந்தாரு, சந்தோஷம். ஆனா கடைசில, "பண்டேரா எல்லாம் சும்மா 'கவ்பாய் தலைநகரம்'னு போர்டு மாட்டி வச்ச ஊரு, மாட்டுப்பாதை அங்க ஆரம்பிக்கவே இல்ல"ன்னு ஒரு வரி. அதைப் படிச்சுட்டு என்னால சும்மா இருக்க முடியல. சான் அன்டோனியோவுக்கு வடமேற்க ஒரு மணி நேரத்துல இருக்கு பண்டேரா. 1870கள்ல தெக்கத்தி மாட்டையெல்லாம் அங்க கூட்டிச் சேத்து, வடக்க கான்சாஸ்ல இருக்கற டாட்ஜ் சிட்டி வரைக்கும் ஓட்டிட்டுப் போன கிரேட் வெஸ்டர்ன் ட்ரெயில் கிளம்பின இடமே அதுதான். நான் சொல்ற ரூட்டை எழுதிக்கோங்க. காலைல பண்டேரா, கோர்ட் வாசல்ல ரோடியோ (மாடு, குதிரை அடக்கற போட்டி) சாம்பியன்களுக்கு வச்ச சிலை, அப்புறம் 173ம் நம்பர் ரோட்டுல ஏறினா பண்டேரா பாஸ், மந்தை மலையைத் தாண்டினது அந்தக் கணவாய் வழியாத்தான், அடுத்தது கேம்ப் வெர்டி, 1856ல அமெரிக்க ராணுவம் ஒட்டகம் கொண்டு வந்து வளத்த இடம், அப்புறம் கெர்வில், திரும்பி வர்றப்ப கம்ஃபர்ட். இதுக்குப் பேருதான் கவ்பாய் நாடு.

டல்லாஸ்தம்பி:
மாமா, மரியாதையாவே சொல்றேன். அந்தப் பாதையை 1874ல முதல்ல போட்டவர் ஜான் லைட்டில், 3,500 லாங்ஹார்னை (நீளக் கொம்பு மாடு) நெப்ராஸ்கா ஃபோர்ட் ராபின்சன் வரைக்கும் ஓட்டினவர். மாடு எல்லாம் தெக்கு டெக்ஸாஸ் மாடு, தென்கோடி பிரவுன்ஸ்வில் பக்கத்துலேருந்தே வந்த மந்தைங்க உண்டு. பண்டேரா வழில வர்ற ஒரு ஊரு, அவ்வளவுதான். வழில வர்ற ஊரை ஆரம்பம்னு எப்படிச் சொல்வீங்க?

அலமோமாமா:
வழில வர்ற ஊராம்! தம்பி, பத்து பேரோட மாடு ஒரு மந்தையா சேர்றப்ப எல்லா மாட்டுக்கும் புதுசா ஒரு சூடு போடுவாங்க, ரோட் பிராண்ட்னு பேரு, வழில வேற மந்தையோட கலந்துட்டா பிரிச்சு எடுக்கணும்ல. அது முடிஞ்சு, சமையல் வண்டி ஏறி, ஆள் எண்ணி வச்சுக் கிளம்புற இடம்தான் ஆரம்பம். அந்த வேலை நடந்தது பண்டேரால. பிரவுன்ஸ்வில்லேருந்து வந்ததெல்லாம் கிளைப்பாதை.

கோவைக்காரி:
ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. மாமா, உங்க ரூட்ல ஃப்ரெடரிக்ஸ்பர்க் ஏனுங்க இல்ல? கெர்வில்லேருந்து அரை மணி நேரந்தான். போன தடவை நாங்க அங்கதான் சுத்தினோம், மெயின் ஸ்ட்ரீட் அவ்ளோ அழகு, பக்கத்துலயே லக்கன்பாக், மரத்தடில உக்காந்து பாட்டு கேட்டோம்.

அலமோமாமா:
அக்கா, ஃப்ரெடரிக்ஸ்பர்க் 1846ல ஜெர்மன்காரங்க கட்டின ஊரு. பீச் பழம், ஒயின், கடல் சண்டை மியூசியம், அட்மிரல் நிமிட்ஸ் பொறந்த ஊரு. கடலே இல்லாத ஊர்ல கடற்படைத் தளபதி. நல்ல ஊருதான், ஆனா கவ்பாய் ஊரு இல்ல. மாட்டுப்பாதை ஆரம்பிச்சது பண்டேரால.

கோவைக்காரி:
ஜெர்மன்காரங்க மாடே வளக்கலையா? பொறவு அந்தக் கல்லு வேலி, பண்ணை எல்லாம் யாரு போட்டது? 1847ல கமாஞ்சி பழங்குடிகளோட ஒப்பந்தம் போட்டுட்டு அந்த மண்ணுல நிலைச்சு நின்னவங்க அவங்க. நீங்க தொப்பியும் பூட்ஸும் போட்டவனை மட்டும் கணக்குல எடுக்கறீங்க. அப்படிப் பாத்தா மெக்ஸிகோ மாட்டுக்காரங்க, அந்த வாக்கெரோக்கள்தான் இந்தத் தொழிலையே சொல்லிக் குடுத்தவங்க, கவ்பாய்கள்ல நாலுல ஒருத்தர் கறுப்பினத்தவர்னு சொல்றாங்க, அவங்க பேரை உங்க பதிவுல ஒரு வரில கூடக் காணோம்.

டல்லாஸ்தம்பி:
கோவைக்காரி அக்கா சொன்னது சரி. இன்னொண்ணு, பண்டேரா மாதிரியே ஸ்டீவன்வில்லும் கவ்பாய் தலைநகரம்னுதான் பேர் வச்சிருக்கு. டார்ல்டன் யூனிவர்சிட்டி ரோடியோ டீம் அங்கதான், ஏழு தடவை ஆல்-அரவுண்ட் சாம்பியனான டை மர்ரி குடியிருந்த ஊரு. இன்னைக்கும் நெசமாவே குதிரை ஏறுறவங்க இருக்கற ஊரு அது. பண்டேரால டூரிஸ்டுக்குக் குதிரை வாடகைக்கு விடறாங்க.

அலமோமாமா:
ஸ்டீவன்வில் ஊர் நடுவுல என்ன சிலை நிக்குதுன்னு சொல்லுங்க தம்பி. கறவை மாட்டுச் சிலை! ஈரத் கவுண்டி பால்பண்ணைக்குப் பேர்போன ஊரு. பால்காரங்க ஊருக்குப் போயிட்டு வந்து எனக்குக் கவ்பாய் பாடம் எடுக்கறீங்க. ஏழு தடவை சாம்பியன் கதையெல்லாம் என்கிட்ட வேண்டாம், கன்னுக்குட்டியைக் கயிறு போட்டுப் பிடிக்கறதுல ஏழு தடவை உலக சாம்பியன் டூட்ஸ் மான்ஸ்ஃபீல்ட் பொறந்ததே பண்டேரால.

ஹூஸ்டன்காரன்:
பண்டேரா ஜனத்தொகை ஆயிரம் கூட இல்ல. ஒரு தெரு, ரெண்டு பார், வாசல்ல நாலு குதிரை. இதுக்காகவா ரெண்டு நாளா சண்டை?

அலமோமாமா:
ஹூஸ்டன்காரருக்கு இருபது லேன் ரோடு இருந்தாத்தான் ஊரு. அந்தச் சின்ன ஊர்ல 1933லேருந்து ஃபிரான்டியர் டைம்ஸ் மியூசியம் நடக்குது. 1855ல போலந்துலேருந்து வந்த குடும்பங்க ஆரம்பிச்ச ஸ்டானிஸ்லாஸ் கோயில் இன்னைக்கும் மணி அடிக்குது. போய் நின்னு பாத்துட்டுப் பேசுங்க.

தயிர்சாதம்:
ஒரு சின்னக் கேள்வி. வீட்ல எல்லாரும் சைவம். பண்டேரால சாப்பிட என்ன கிடைக்கும்?

அலமோமாமா:
ஓஎஸ்டி, அதாவது ஓல்ட் ஸ்பானிஷ் ட்ரெயில்னு ஒரு பழைய சாப்பாட்டுக் கடை, 1921லேருந்து இருக்கு, உக்கார்ற ஸ்டூலுக்குப் பதிலா குதிரைச் சேணம். முட்டை, பிஸ்கட் (அந்த ஊர்ல அது பன் மாதிரி), பான்கேக் கிடைக்கும். பீன்ஸ் மட்டும் கேட்டு வாங்குங்க, டெக்ஸாஸ்ல பன்னிக்கறி போடாம பீன்ஸ் வேக வைக்கிறவன் குறைச்சல்.

ஹூஸ்டன்காரன்:
கவ்பாய் ஊருக்குப் போய் சைவமா. அதுக்கு வீட்லயே இருந்து யூட்யூப்ல பாத்துக்கலாமே.

தயிர்சாதம்:
மாடு ஓட்டிட்டுப் போனவங்க தினம் ஸ்டேக்கா தின்னாங்க? 1866ல சார்ல்ஸ் குட்நைட் சமையல் வண்டி கட்டினதுலேருந்து அவங்களுக்கு முக்காவாசி நாள் பீன்ஸ், புளிச்ச மாவு பிஸ்கட், காபி, உப்புக்கறிதான். விக்கிற மாட்டை வெட்டித் தின்னா மொதலாளி விடுவானா? தெரியாம நக்கல் பண்ணாதீங்க சார். பொங்கல் பிக்னிக்லயும் இதே பேச்சுதான் பேசினீங்க, மறக்கல.

ஹூஸ்டன்காரன்:
பிக்னிக்கை இங்க இழுக்காதீங்க. அன்னைக்கு சாம்பார் பத்தாமப் போனது யாரால?

கோவைக்காரி:
சாம்பார் நான் கொண்டு வந்ததுங்க. பேர் சொல்லியே பேசுங்க.

டல்லாஸ்தம்பி:
விஷயத்துக்கு வாங்க. எங்க ஊர்லேருந்து பண்டேரா போக அஞ்சு மணி நேரம், வர அஞ்சு மணி நேரம். ஒரே நாள் ட்ரிப்னு தலைப்பு போட்டா நான் எப்படிப் பண்டேரா போறது? மாட்டுப்பாதையைப் பாக்கணும்னா ஆல்பனி பக்கம் ஃபோர்ட் கிரிஃபின் வாங்க. அதே வெஸ்டர்ன் ட்ரெயில் அந்த வழியாத்தான் போச்சு. டெக்ஸாஸ் அரசாங்கத்தோட லாங்ஹார்ன் மந்தையே அங்க மேயுது, வேலி ஓரமா நின்னா அந்தக் கொம்பு நம்ம ரெண்டு கையையும் விரிச்சதை விட அகலம். அங்கேருந்து சிவப்பாறு தாண்டற டோன்ஸ் கிராசிங் வரைக்கும் ஒரே கோடு. அங்க நின்னா எனக்கு உடம்பு சிலிர்க்குது மாமா, அது டூரிஸ்ட் போர்டு பாத்து வர்ற சிலிர்ப்பு இல்ல.

அலமோமாமா:
ஃபோர்ட் கிரிஃபின் நானும் போயிருக்கேன், நல்ல இடம், யாரு இல்லேன்னா? ஆனா தம்பி, அங்க போச்சுன்னு நீங்களே சொல்றீங்க, போச்சுன்னா எங்கேருந்தோ வந்திருக்கணும்ல? பண்டேராலேருந்து! ஸ்டாக்யார்ட்ஸ்ல தினம் பதினொன்றரைக்கும் நாலு மணிக்கும் மாட்டை நடத்திக் காட்டறாங்களே, அது 1999ல ஆரம்பிச்ச ஊர்வலம். அதைப் பாத்து போட்டோ எடுத்துட்டு வந்தவரு எங்க ஊரை போர்டு ஊருங்கறாரு. உண்மையான மந்தை ஒரு நாளைக்கு பத்து பதினஞ்சு மைல்தான் நகரும், மாடு மெலியக்கூடாதுன்னு மேய விட்டு மேய விட்டு ஓட்டுவாங்க, மூவாயிரம் மாட்டுக்கு ஒரு டஜன் ஆளு, பின்னாடி வர்றவன் நாள் முழுக்க புழுதி தின்னுட்டு வருவான், மாசம் முப்பது நாப்பது டாலர் சம்பளம். கணவாய் மேல காரை நிறுத்தி எறங்கிப் பாருங்க, ரெண்டு பக்கமும் மலை, நடுவுல மாடு நுழையறதுக்கு ஒரே சந்து. அப்பத் தெரியும்.

ஹூஸ்டன்காரன்:
173 எதுக்கு? மெடினா வழியா 16ல போங்க, டெக்ஸாஸ்லயே நல்ல வளைவு ரோடு அது. மெடினால ஆப்பிள் தோட்டம் வேற.

அலமோமாமா:
16ல போனா பண்டேரா பாஸ் போச்சு, கேம்ப் வெர்டியும் போச்சு. வளைவு வேணும்னா பைக் குரூப்ல போய்க் கேளுங்க, இங்க மாட்டுப்பாதை பேசறோம்.

கோவைக்காரி:
எந்த ரோடா இருந்தாலும் மழை நாள்ல போகாதீங்க. ஓடை ரோட்டுக்கு மேலயே ஓடற இடங்கள்ல அடிக்கணக்கு எழுதின கம்பம் நட்டிருப்பாங்க, தண்ணி அந்தக் கம்பத்தைத் தொட்டுட்டா வண்டியைத் திருப்பிடுங்க. 2025 ஜூலை வெள்ளத்துல, கெர்வில் இருக்கற கெர் கவுண்டில மட்டும் நூறு பேருக்கு மேல செத்தாங்க. மாமா ரூட் போட்டாரே, இதை ஒரு வார்த்தை எழுதினாரா?

அலமோமாமா:
எழுதல, அதுக்குள்ள நீங்க ஃப்ரெடரிக்ஸ்பர்க்கை நுழைச்சுட்டீங்களே அக்கா.

கோவைக்காரி:
அதுக்கும் நாந்தான் காரணமுங்களா? நல்லா இருக்கு உங்க நியாயம்.

டல்லாஸ்தம்பி:
நான் இன்னும் சொல்றேன், மாடு தெக்கேருந்து வந்துச்சு. பண்டேரா வழில இருந்துச்சு.

அலமோமாமா:
மந்தை சேந்தது பண்டேரால. சூடு போட்டது பண்டேரால. நாளைக்கு முழு ரூட்டையும் மைல் கணக்கோட தனிப் பதிவா போடறேன், ஸ்டீவன்வில் ஆளுங்க அங்க வந்து பால் விலை பேச வேண்டாம்.

டல்லாஸ்தம்பி:
போடுங்க மாமா, கீழ முதல் கமென்ட் என்னோடதுதான்.