வாய்ப் புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் அப்பா: கொழுப்பு மாத்திரையை நிறுத்துவதா, கூட்டுவதா?

வளர்மதி:
அப்பாவுக்கு வயது 64. நாக்கின் இடது ஓரத்தில் புற்றுநோய். அறுவை முடிந்து, 30 நாள் கதிர்வீச்சில் 17 முடிந்திருக்கிறது. மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, ஆறு ஆண்டுகளாக, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் 20 மி.கி. எடுத்து வருகிறார்.

"பதினோரு கிலோ இளைத்துவிட்ட மனிதருக்குக் கொழுப்பு எங்கே இருக்கிறது, நிறுத்து" என்கிறார் மாமா. இந்த மாத்திரை எடுப்பவர்கள் வாய்ப் புற்றுநோயிலிருந்து அதிக நாள் பிழைக்கிறார்கள் என்று படித்த தம்பியோ, 80 மி.கி. ஆக்கச் சொல்கிறான். இரவு இரண்டு கரண்டிகளுக்கு நடுவே மாத்திரையை வைத்து நசுக்கும்போதெல்லாம் எனக்குக் கை தயங்குகிறது. போதாததற்கு, நேற்று நாக்கில் வெண்படலம் வந்ததற்கு "நிஸ்டாட்டின்" எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதுவும் அதே இன மருந்தா? இரண்டும் சேர்ந்தால் அளவு கூடிவிடாதா?

மருந்தாளர் செல்வி:
வளர்மதி, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். நிஸ்டாட்டின் பூஞ்சைக்கான மருந்து. பெயரின் வால்தான் ஒன்று, வேலை வேறு. வாயில் வைத்திருந்து கொப்பளிக்கும் மருந்து, ரத்தத்தில் அநேகமாகக் கலப்பதே இல்லை.

ஆனால் வெண்படலம் அடங்காமல் ஃப்ளுகோனசோல், இட்ராகோனசோல் போன்ற வேறு பூஞ்சை மருந்துகளுக்கு மாற்றினால், "அட்டோர்வாஸ்டாடின் எடுக்கிறார்" என்று மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கல்லீரலில் அதைச் சிதைக்கும் நொதியை இவை தடுப்பதால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான். காரணமில்லாமல் தொடையும் தோளும் வலித்தாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ அன்றே காட்டுங்கள்.

நசுக்கும் விஷயம்: சாதாரண அட்டோர்வாஸ்டாடினைப் பொடிக்கலாம், மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. தூளை வெறும் தண்ணீரில் கலக்குங்கள், சத்துக் கஞ்சியில் வேண்டாம். கொடுப்பதற்கு முன்னும் பின்னும் குழாயைத் தண்ணீரால் கழுவுங்கள். பாதி மருந்து குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

புள்ளிவிவரன்:
நான் நோயாளிகளின் பதிவேட்டுத் தரவுகளில் வேலை செய்பவன். தம்பி படித்தது பொய்யில்லை. ஸ்டாடின் (அட்டோர்வாஸ்டாடின் சேர்ந்த மருந்து இனம்) எடுத்த தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் அதிக காலம் வாழ்ந்ததாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காரணமும் சொல்கிறார்கள்: புற்றுச் செல்லைப் பெருகத் தூண்டும் ராஸ், ரோ புரதங்கள் சவ்வில் ஒட்டிக்கொள்ள ஒரு கொழுப்பு வால் வேண்டும், கொழுப்பு உருவாகும் மெவலோனேட் பாதையில்தான் அந்த வாலும் உருவாகிறது, அந்தப் பாதையைத்தான் ஸ்டாடின் அடைக்கிறது.

ஆனால் அவை பெரும்பாலும் பழைய பதிவுகளைப் புரட்டிச் செய்த ஆய்வுகள். நோய் தெரிந்து இரண்டு ஆண்டு கழித்து மாத்திரை தொடங்கியவரை நினைத்துப் பாருங்கள். அந்த இரண்டு ஆண்டும் உயிரோடு இருந்ததால்தான் அவர் "எடுத்தவர்" பட்டியலுக்கே வந்தார். மூன்றாம் மாதம் இறந்தவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. மறுபக்கம், உடல் மிகவும் தளர்ந்தவர்களுக்கு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் "எடுக்காதவர்" பக்கம் போய், அந்தப் பக்கத்தை இன்னும் மோசமாகக் காட்டுகிறார்கள். மாத்திரையின் புகழில் ஒரு பங்கு இந்தக் கணக்கிலிருந்து வருகிறது.

யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த 27 ஆய்வுகளின் தரவை, ஏறத்தாழ 1,75,000 பேருடையதை, 2012-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஸ்டாடினால் புற்றுநோய் வருவதோ அதனால் இறப்பதோ குறையவில்லை, கூடவும் இல்லை. மாமாவுக்கும் தம்பிக்கும் சேர்த்தே இதைச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் ஆண்டு:
எனக்குக் கன்னத்தில் வந்தது. கதிர்வீச்சு முடிந்து ஆறாம் ஆண்டு, கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேனில் இடது பக்கம் அடைப்பு தெரிந்தது. கழுத்தில் பாயும் கதிர் அந்தக் குழாயின் சுவரையும் தடிக்க வைக்கிறது, பக்கவாத ஆபத்து கூடுகிறது என்று அப்போதுதான் எனக்கு விளக்கினார்கள். அன்றிலிருந்து நானும் ஸ்டாடின் எடுக்கிறேன், புற்றுக்காக அல்ல. அம்மா, ஸ்டென்ட் வைத்த உங்கள் அப்பாவுக்கு மாத்திரையின் தேவை கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை. இளைத்ததை வைத்து வீட்டில் யாரும் முடிவெடுக்க வேண்டாம், இதய மருத்துவரைக் கேளுங்கள். காதைப் பாதிக்கக்கூடிய சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் ஏறுகிறதென்றால் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். காதில் இரைச்சல் இருக்கிறதா என்று அப்பாவிடம் எழுதிக் காட்டியாவது கேளுங்கள். பேச முடியாத நாட்களில் நான் எதையும் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

வளர்மதி:
எல்லோருக்கும் நன்றி. இன்று இதய மருத்துவரைப் பார்த்தோம். 20 மி.கி. அப்படியே தொடரட்டும், கல்லீரல் ரத்தப் பரிசோதனை ஒன்று எடுப்போம் என்றார். ஒன்பதாம் ஆண்டு ஐயா, நீங்கள் சொன்னபடி சிலேட்டில் எழுதிக் காட்டினேன். "வலது காதில் வண்டு மாதிரி, நாலு நாளாக" என்று அப்பா எழுதினார். நாளை காலை காதுப் பரிசோதனைக்குப் போகிறோம்.