அப்பாவின் காலுக்கு பலூனும் பைபாஸும் சேர்த்தே செய்ய வேண்டுமா?

செந்தூல் மகள்:
அப்பாவுக்கு 68 வயது. லோரி ஓட்டியவர். ரொம்ப வருஷமாக இனிப்புநீர், சிகரெட்டும் உண்டு. செலிப்பார் உரசி இடது பெருவிரலில் வந்த புண் ஆறவே இல்லை, நுனி கறுத்துவிட்டது. ராத்திரியில் வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார். ஸ்கேனில் இடுப்புக்குள் போகும் ரத்தக் குழாய் சுருங்கியிருக்கிறது, தொடைக் குழாய் முழுக்க அடைத்திருக்கிறது. மேலே பலூன் விட்டு விரித்து ஸ்டென்ட் என்கிற வலைக்குழாய், கீழே அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்று வழி போடுகிற பைபாஸ், இரண்டும் ஒரே நாளில் என்கிறார் டாக்டர். "ஏதாவது ஒன்று போதாதா, உடம்பு தாங்குமா?" என்று அம்மா அழுகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் அக்கா:
தங்கச்சி, நான் பினாங்கில் அறுவை வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். அடைப்பு இரண்டு இடத்தில், அதனால்தான் வைத்தியமும் இரண்டு. இடுப்புக் குழாயைச் சரிசெய்யாமல் பைபாஸ் போட்டால் அதற்குள் போதிய ரத்தம் இறங்காது, உறைந்து அடைத்துக்கொள்ளும். மேலே மட்டும் சரிசெய்தால் புண் உள்ள விரல்வரை ரத்தம் எட்டுவது கஷ்டம். இடுப்பில் வைக்கிற ஸ்டென்ட் நன்றாகவே நிலைக்கும், வயிற்றைத் திறக்கிற பெரிய ஆப்பரேஷனும் மிச்சம். தொடையில் நீளமான அடைப்பு என்றால் பலூன் விட்ட இடம் திரும்பச் சுருங்குவது அதிகம். பைபாஸுக்காகத் தொடை இடுக்கில் திறக்கிற அதே வெட்டு வழியாகவே கம்பியை மேலே ஏற்றி ஸ்டென்டையும் வைத்துவிடுவார்கள்.

பைபாஸுக்கு எந்த நரம்பை, அதாவது எந்த ரத்த நாளத்தை, எடுக்கப் போகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். 2022இல் வந்த பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில், காலில் நல்ல நீள நரம்பு இருந்தவர்களுக்கு முதலில் பைபாஸ் செய்ததே பலன் தந்தது. மறு வருஷம் வந்த பேசில்-2 ஆய்வில், முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ளவர்களுக்கு முதலில் பலூன் விட்டதுதான் மேலாக இருந்தது. அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பட்டர்வொர்த் தம்பி:
எங்கள் அம்மாவுக்கு ஒரு கிளினிக்கில் கணுக்காலில் பிரஷர் அளந்து, ரத்த ஓட்டம் நல்லா இருக்கு என்று அனுப்பிவிட்டார்கள். இனிப்புநீர்க்காரர்களுக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும், அந்தக் கணக்கு பொய்யாக ஏறிக் காட்டும். கால்விரலில் அளந்த பிறகுதான் உண்மை தெரிந்தது, அதற்குள் விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. அப்புறம், குழாய் படத்தில் தெரிவதற்காக ஏற்றுகிற சாயம் கிட்னியைப் பாதிக்கலாம், அதனால் அதற்கு முன் அப்பாவின் கிட்னி ரிசல்ட்டையும் கேளுங்கள்.

செந்தூல் மகள்:
நன்றி அக்கா, தம்பி. முன்பு ஐஜேஎன் இருதய மருத்துவமனையில் இருதய பைபாஸ் செய்தபோது இடது காலிலிருந்துதான் நரம்பு எடுத்தார்கள், முட்டிவரை தழும்பு இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

ஜெலுத்தோங் அக்கா:
சரி, அப்படியென்றால் வலது காலைப் பார்ப்பார்கள், அதுவும் சரியில்லை என்றால் கையை. தழும்பைக் காட்டி, நரம்பை அல்ட்ராசவுண்டில் அளந்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். செயற்கைக் குழாயும் உண்டு, ஆனால் முழங்காலுக்குக் கீழே அது நரம்பு அளவுக்கு நாள் தாங்காது. சிகரெட்டை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். கறுப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ ஆப்பரேஷன் தேதிவரை காத்திருக்காமல் உடனே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள்.