வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் (வாவ்) விளையாட்டுக்கு எழுதும் ஆடானுக்குள் (துணை நிரல்) லைப்ரரி (பலரும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுக் கோட்) சேர்த்து ரிலீஸ் செய்தவர்களே, மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

லுவாப்பித்தன்:
வாவ் ஆடான் எழுதுபவர்களுக்கு லிப்ஸ்டப் பற்றிச் சொல்லத் தேவையில்லை (ஒரே லைப்ரரி பல ஆடான்களில் இருந்தால், பெரிய எண் கொண்ட பிரதியை மட்டும் வைத்துக்கொள்வது அது), நேராக வருகிறேன். ரெய்டு (பலர் சேர்ந்து ஆடும் சண்டை) நடுவில் ஒருவருக்கு என் ஆடானின் செட்டிங்ஸ் திறக்கவில்லை. ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். அவர் திறக்கப் போனது என் ஆடான், ஆனால் எரர் பெட்டியில் இருந்த ஃபைல் பாதை வேறொரு ஆடானின் லிப்ஸ் ஃபோல்டர். அதற்குள் ஏஸ்ஜியூஐ, செட்டிங்ஸ் திரையை வரையும் லைப்ரரி. அதை எழுதியவர் தன் தேவைக்கு லைப்ரரியில் கைவைத்திருக்கிறார். வைக்கட்டும். ஆனால் பெயரை அப்படியே விட்டுவிட்டு, தன் பிரதிதான் ஜெயிக்க வேண்டும் என்று மைனர் எண்ணை (பதிப்பு எண்) 9999 ஆக்கியிருக்கிறார். லிப்ஸ்டப் எண்ணைத்தானே பார்க்கும்? அந்த எண் உள்ளே வந்துவிட்டால், என் ஜிப்பில் இருக்கும் சுத்தமான பிரதி பதிவு செய்யப் போகும்போது நில் (ஒன்றுமில்லை) தான் கிடைக்கும், முதல் சில வரிகளிலேயே அது ஒதுங்கிவிடும். இதையெல்லாம் விளக்கி எழுதி முடிப்பதற்குள் அவர் என் ஆடானை நீக்கிவிட்டார். "மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறதே, உங்களுடையதுதான் பிரச்சினை" என்று எழுதிவிட்டுப் போனார். இன்றைக்கும் உறுத்துகிறது.

பின்னிரவு ஹீலர்:
எனக்கு நேர் எதிராக நடந்தது. 2024 ஜூலையில் 11.0.0 பேட்ச் வந்தபோது ஆடானின் செட்டிங்ஸ் பக்கத்தை விளையாட்டின் மெனுவில் சேர்க்கும் இன்டர்ஃபேஸ்ஆப்ஷன்ஸ் ஆட்கேட்டகரி ஃபங்ஷனை எடுத்துவிட்டார்கள், நினைவிருக்கும். விளையாட்டை விட்டுப் போன நண்பர் ஒருவரின் ஆடானை அப்போதுதான் நான் பராமரிக்க எடுத்திருந்தேன். என் கணினியில் எல்லாம் சரியாக ஓடியது. ஒரு பையன் எழுதினான்: "அண்ணா, என்கிட்ட வேற ஆடானே இல்ல, உங்களோடது மட்டும்தான். லாகின் ஆனதுமே எரர் வருது." நானும் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நுழைந்தேன். அதே எரர். ஒவ்வொன்றாகத் திரும்ப ஆன் செய்துகொண்டே வந்தேன். ஒரு பெரிய ரெய்டு ஆடானை ஆன் செய்ததும் எரர் போயே போய்விட்டது! அதற்குள் இருந்த புதிய ஏஸ்கான்ஃபிக்டயலாக் (அந்தப் பக்கத்தைச் சேர்க்கும் லைப்ரரி) தான் எங்கள் ஜிப்பில் கிடந்த, எடுத்துவிட்ட ஃபங்ஷனைக் கூப்பிடும் பழைய பிரதியை ஓரங்கட்டிவிட்டு வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. அந்தப் பையன் எழுதாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

டேக் போட்டவன்:
லுவாப்பித்தன் நண்பரே, இதில் லிப்ஸ்டப்பைக் குறை சொல்வது நியாயமில்லை. ஹீலர் சொன்னதைப் பாருங்கள், அதே விதிதான் அங்கே காப்பாற்றியிருக்கிறது. என் கதை சின்னது: ஒருவர் கிட்ஹப்பில் (கோட் வைக்கும் தளம்) ரிலீஸ் ஜிப்பை விட்டுவிட்டுக் கீழே இருக்கும் சோர்ஸ் கோட் ஜிப்பை இறக்கிவிட்டார். லிப்ஸ்டப்பே நில் என்று எரர். மானிட்டரை ஃபோனில் படம் பிடித்து அனுப்பினார், ஆடான் ஃபோல்டரில் லிப்ஸ் என்று ஒன்றே இல்லை. எக்ஸ்டர்னல்ஸ் (வெளியிலிருந்து எடுக்கும் லைப்ரரிகள்) எல்லாம் பேக்கேஜர் (ரிலீஸ் ஜிப்பைக் கட்டும் கருவி) ஓடும்போதுதானே வந்து சேரும், ரெப்போவில் (நம் கோட் இருக்கும் இடம்) எப்படி இருக்கும்?

சரி, இதை வாசிக்கும் புதியவர்களுக்குச் சில விஷயம். லைப்ரரியைத் திருத்தியே ஆக வேண்டுமென்றால் மேஜர் பெயரை (லிப்ஸ்டப்பில் பதிவாகும் பெயர்) மாற்றிவிடுங்கள், எண்ணைத் தொடாதீர்கள். பிகேஜிமெட்டாவில் (பேக்கேஜர் வாசிக்கும் ஃபைல்) ஒவ்வொரு எக்ஸ்டர்னலுக்கும் எந்த டேக் (பதிப்புக்கு இடும் பெயர்) வேண்டும் என்று எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் பேக்கேஜ் செய்யும் நாளில் அங்கே எது புதிதோ அது வந்து உட்காரும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் வழியாகத் தானாக நடக்கும்படி செய்தால் செக்கவுட்டில் (கோடை எடுக்கும் படி) ஃபெட்ச் டெப்த் 0 வையுங்கள், முழு வரலாறும் வரும், இல்லையென்றால் பழைய டேக் எதுவும் கிடைக்காமல் சேஞ்ச்லாக் (மாற்றங்களின் பட்டியல்) அரைகுறையாக வரும். டேக் பெயரில் பீட்டா என்று இருந்தால் பீட்டாவாகப் போகும், டேக்கே இல்லாத கமிட் ஆல்ஃபாவாகப் போகும். டெஸ்ட் ஃபைல்கள் ஜிப்பில் போகாதபடி இக்னோரில் போடுங்கள். அப்புறம், ரிலீஸுக்கு முன்னால் அந்த ஜிப்பையே இறக்கி, வேறு ஆடான் எதுவும் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இதைச் செய்தாலே பாதிப் புகார் வராது.

லுவாப்பித்தன்:
நான் லிப்ஸ்டப்பைக் குறை சொல்லவே இல்லை, திரும்ப வாசியுங்கள். எண்ணை 9999 ஆக்கியவரைச் சொன்னேன். தனியாக ஓட்டிப் பார்ப்பது ஹீலருக்கு உதவும், எனக்கு உதவாது. என் ஜிப் தனியாக எப்போதுமே ஓடும். அடுத்தவர் கணினியில் எந்தெந்த ஆடான் கிடக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

செவ்வாய் பேட்ச்:
எனக்கு மறக்காதது பேக்கேஜர் காட்டிய அந்தச் சிவப்பு எரர் வரி. பேட்ச் அன்று டிஓசி ஃபைலில் (ஆடானின் விவரங்கள் இருப்பது) இன்டர்ஃபேஸ் எண்ணை (எந்த கேம் பதிப்புக்கு என்று சொல்வது) மாற்றி டேக் போட்டேன். வேறு ஒரு மாற்றமும் இல்லை. பேக்கேஜர் பாதியில் நின்றுவிட்டது. ஒரே ஒரு லைப்ரரி இருந்த எஸ்விஎன் (கோட் வைக்கும் இன்னொரு முறை) சர்வர் பதில் தரவில்லை. "அவுட் ஆஃப் டேட் என்று காட்டுகிறது" என்று கில்டில் (விளையாட்டுக் குழு) ஆளாளுக்குக் கேட்கிறார்கள், ஒரு எண் மாறிய ஜிப்பை என்னால் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து லைப்ரரிகளை ரெப்போவுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். டேக் போட்டவன் இதை ஒப்புக்கொள்ள மாட்டார், தெரியும். பழசாகிவிடும் என்பார். உண்மைதான், ஒவ்வொரு பெரிய பேட்சுக்கும் கையால் புதுப்பிக்கிறேன். ஆனால் சோர்ஸ் ஜிப்பை இறக்கினாலும் இப்போது ஓடுகிறது.

பின்னிரவு ஹீலர்:
லுவாப்பித்தன், பக் ரிப்போர்ட் படிவத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: சாட்டில் டம்ப் கமாண்டை (ஒரு மதிப்பைக் காட்டுவது) வைத்து லிப்ஸ்டப்பின் மைனர்ஸ் டேபிளில் ஏஸ்ஜியூஐ-3.0-க்கு என்ன எண் இருக்கிறது என்று பார்த்து அனுப்பச் சொல்லுங்கள். 9999 வந்தால் பேச்சே வேண்டாம், எந்த ஃபோல்டர் என்று தேடினால் போதும்.