சாவிக் கோப்பின் நகல் சர்வர் வட்டைத் திறக்க மறுக்கிறது: பென்டிரைவில் சாவியைப் பாதுகாப்பது குறித்து உதவி தேவை

மண்ணடியிலிருந்து கேட்பவர்:

வணக்கம். மண்ணடியில் இயங்கும் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தின் சர்வரை நான் பராமரித்து வருகிறேன். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் அந்தச் சர்வரில், வாடிக்கையாளர்களின் இறக்குமதி ஆவணங்கள் உள்ள தரவு வட்டு மட்டும் லக்ஸ்2 என்ற லினக்ஸ் வட்டுக் குறியாக்க முறையில் குறியாக்கம் செய்யப்பட்டுள்ளது. அதைத் திறக்கும் சாவிக் கோப்பு ஒரு பென்டிரைவில் இருக்கிறது. சர்வர் தொடங்கும்போது அதைச் செருகி வட்டைத் திறந்துவிட்டு, உடனே கழற்றி மேலாளரின் மேசை இழுப்பறையில் பூட்டி வைப்பது இங்குள்ள வழக்கம்.

துறைமுகத்துக்கு அருகிலுள்ள கட்டடம் என்பதால் உப்புக்காற்றில் அந்தப் பென்டிரைவின் முனை களிம்பேறிவிட்டது; சில வேளைகளில் சர்வர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. எனவே அலுவலக ஊழியர் ஒருவர் புதிய பென்டிரைவில் ஒரு நகல் எடுத்துக் கொடுத்தார். கோப்பைத் திறந்து பார்த்தால் 64 எழுத்துகளும் பழையதைப் போலவே தெரிகின்றன. ஆனால் லக்ஸ் வட்டைத் திறக்கும் கருவியான கிரிப்ட்செட்டப் அதை ஏற்காமல், பொருந்தும் சாவி இல்லை என்கிறது. பழைய பென்டிரைவோ, கண்டுகொள்ளப்படும்போதெல்லாம் வட்டைச் சரியாகத் திறக்கிறது. நகலில் என்ன கோளாறு? இத்தகைய சாவியை முறையாக வைத்துக்கொள்வது எப்படி?

தண்டையார்பேட்டையிலிருந்து மறுமொழி:

கோளாறைத் தேடுவதற்கு முன், பழைய பென்டிரைவ் வேலை செய்யும்போதே இரண்டு காரியங்களை முடித்துவிடுங்கள். முதலாவது, லக்ஸ்-ஆட்-கீ கட்டளையால் நீளமான கடவுச்சொடர் ஒன்றை இன்னொரு சாவி இடத்தில் (வட்டைத் திறக்கும் ஒவ்வொரு சாவிக்கும் தனித்தனியே உள்ள இடம்) சேர்ப்பது. லக்ஸ்2 வட்டில் 32 சாவி இடங்கள் வரை இருக்கலாம். லக்ஸ்1-இல் அது 8 மட்டுமே. ஆனால் புதிய சாவியைச் சேர்க்கவும் செல்லுபடியாகும் பழைய சாவி ஒன்று வேண்டும் என்பதால், களிம்பேறிய அந்த முனை முற்றிலும் கைவிட்ட பிறகு இதைச் செய்ய நினைத்தால் வழியிருக்காது.

இரண்டாவது, லக்ஸ்-ஹெடர்-பேக்அப் கட்டளையால் வட்டின் தலைப்பகுதியை நகலெடுப்பது. வட்டிலுள்ள தரவை உண்மையில் குறியாக்கம் செய்யும் மூலச்சாவி அந்தத் தலைப்பகுதியில்தான் பூட்டிய நிலையில் இருக்கிறது. நம் கையிலுள்ள சாவி அந்தப் பூட்டைத் திறப்பதற்கு மட்டுமே. தலைப்பகுதி சிதைந்துவிட்டால் சரியான சாவி கையில் இருந்தும் பயனில்லை. லக்ஸ்2-இல் அது வழக்கமாக 16 மெபிபைட் அளவே இருக்கும்.

இனி உங்கள் கோளாறுக்கு வருகிறேன். திரையில் தெரியும் எழுத்துகளை ஒப்பிட வேண்டாம்; எல்எஸ் -எல் கொடுத்து இரண்டு கோப்புகளின் பைட் அளவை ஒப்பிடுங்கள். அந்த ஊழியர் சாவியை ஒரு உரைத் தொகுப்பானில் ஒட்டிச் சேமித்திருந்தால், வரியின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பைட் சேர்ந்திருக்கும். நேனோ, விஐ என்ற தொகுப்பான்கள் இயல்பாகவே அப்படிச் சேர்ப்பவை. விசைப்பலகையில் தட்டும் கடவுச்சொடர் என்டர் விசையோடு முடிந்துவிடும். அந்த வரிமுடிவு சாவியில் சேராது. சாவிக் கோப்பாகக் கொடுத்தால் கிரிப்ட்செட்டப் அதிலுள்ள கடைசி பைட் வரை சாவியின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும்.

மண்ணடியிலிருந்து கேட்பவர்:

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்ன இரண்டு காரியங்களையும் முடித்த பிறகே மற்றதைத் தொடங்கினேன். பழைய கோப்பு 64 பைட், நகல் 65 பைட். வட்டைத் திறக்காமலே சாவியைச் சோதிக்கும் டெஸ்ட்-பாஸ்ஃப்ரேஸ் விருப்பத்துடன் நகலைக் கொடுத்து, முதல் 64 பைட்டை மட்டும் படிக்குமாறு கீஃபைல்-சைஸ் 64 என்று வரம்பிட்டுப் பார்த்தபோது அதே நகல் ஏற்கப்பட்டது. பிறகு சிபி கட்டளையால் புதிதாக நகலெடுத்தேன்; கோப்பின் உள்ளடக்கத்துக்குக் கைரேகை போன்ற மதிப்பைக் கணக்கிடும் எஸ்எச்ஏ256சம் இரண்டுக்கும் ஒரே மதிப்பைத் தருகிறது. இப்போது இரண்டு பென்டிரைவ்களும் அதே இழுப்பறையில் இருக்கின்றன. அது போதுமா?

வியாசர்பாடியிலிருந்து மறுமொழி:

போதாது. ஒரே இழுப்பறையில் இரண்டு நகல்கள் இருப்பது ஒரு நகல் இருப்பதற்குச் சமம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்தையும் பார்த்த வடசென்னையில், தரைத்தளத்துச் சர்வரும் அதன் சாவியும் ஒன்றாக நீரில் மூழ்கும் என்பதை நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அதே இழுப்பறையைத் திருடன் உடைத்தாலும் விளைவு அதுதான்: சர்வரும் சாவியும் சேர்ந்தே போகும், குறியாக்கம் செய்ததே வீணாகும். ஒரு பென்டிரைவ் அலுவலகத்திலும், மற்றொன்று உரிமையாளரின் வீட்டிலோ வங்கிப் பெட்டகத்திலோ இருக்கட்டும்.

அடுத்ததாக, சாவிக் கோப்பு பென்டிரைவில் வெறுமனே கிடக்கக் கூடாது. கடையில் வாங்கும் பென்டிரைவ்களில் பொதுவாக இருக்கும் ஃபாட் வகைக் கோப்பு முறைமையில் லினக்ஸின் அனுமதிகள் பதிவாவதில்லை. செருகியவர் எவரும் படிக்கலாம். பென்டிரைவையே லக்ஸ் முறையில் குறியாக்கி, அதற்குள் கோப்பை வையுங்கள். திருடியவர் ஊகிக்க முயல்வது இனி அந்தப் பென்டிரைவின் கடவுச்சொடரைத்தான் என்பதால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆறேழு சொற்களையாவது அதில் கோத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வெறுமனே எழுதப்பட்ட கோப்பை அழித்துவிட்டதால் அது போய்விட்டது என்று நம்ப வேண்டாம். ஃபிளாஷ் நினைவகம் தேய்மானத்தைப் பரப்புவதற்காக எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால், மேலெழுதினாலும் பழைய தரவு எங்கோ தங்கியிருக்கக்கூடும். எனவே பழைய பென்டிரைவை உடைத்துவிடுவதே நல்லது, அதிலுள்ள சாவியையும் மாற்றிவிடுங்கள்.

ஃபிளாஷ் நினைவகத்தை ஆண்டுக்கணக்கில் நம்பவும் கூடாது. மின்சாரம் இல்லாமல் வெப்பத்தில் கிடக்கும்போது அதன் கண்ணறைகளில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். சில மாதங்களுக்கு ஒருமுறை செருகி எஸ்எச்ஏ256 மதிப்பைச் சரிபாருங்கள். இதற்கு மாற்றாகக் காகிதத்தை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். உங்கள் சாவி 64 பதினறும எழுத்துகள்தானே, நான்கு நான்காகப் பிரித்தால் 16 தொகுதிகள். அதில் 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் மட்டுமே வருவதால் சுழியமா, ஓ எழுத்தா என்ற குழப்பம் எழாது. பி எழுத்தும் 6-உம் மட்டும் தெளிவாக வேறுபடும் எழுத்துருவில் அச்சிடுங்கள். ரசீது அச்சிடும் தெர்மல் தாள் மங்கிவிடும்; லேசர் அச்சே வேண்டும். உறையிலிட்டு ஒட்டி, வீட்டில் இருக்கும் பென்டிரைவோடு அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். பின்னாளில் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது பிரின்ட்எஃப் கட்டளையால் கோப்பாக்குங்கள். எக்கோ கொடுத்தால் அதே 65-ஆவது பைட் மீண்டும் வந்து நிற்கும்.

மண்ணடியிலிருந்து கேட்பவர்:

விளக்கமாக எழுதியதற்கு நன்றி அண்ணா. பழைய சாவியை நீக்கினால், நான் எடுத்து வைத்துள்ள தலைப்பகுதி நகல் என்னவாகும்?

தண்டையார்பேட்டையிலிருந்து மறுமொழி:

அந்த நகலில் பழைய சாவி அப்படியே செல்லுபடியாகும். அந்த நகலும் பழைய சாவியும் ஒருவர் கையில் சேர்ந்தால், வட்டிலிருந்து நீங்கள் நீக்கியிருந்தாலும் அவரால் திறக்க முடியும். எனவே இந்த வரிசையில் செய்யுங்கள்: புதிய சாவியைச் சேருங்கள், அதை டெஸ்ட்-பாஸ்ஃப்ரேஸ் கொண்டு சோதியுங்கள், லக்ஸ்-டம்ப் காட்டும் பட்டியலில் பழைய சாவியின் இட எண்ணை உறுதிசெய்துகொண்டு லக்ஸ்-கில்-ஸ்லாட் கொடுத்து அதை நீக்குங்கள், அதன் பிறகு தலைப்பகுதியைப் புதிதாக நகலெடுத்து, முந்தைய நகலையும் அது இருந்த ஊடகத்தையும் அழித்துவிடுங்கள். பழைய சாவியும் வட்டின் தலைப்பகுதியும் ஏற்கெனவே வெளியார் கைக்குப் போயிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் மட்டும் இந்த வரிசை போதாது. அப்போது மூலச்சாவியையே மாற்றும் ரீஎன்கிரிப்ட் வேண்டும். முழு வட்டும் மறுபடி எழுதப்படும் என்பதால், தரவின் முழுக் காப்புநகல் எடுத்து, யுபிஎஸ் மின்கலத்தையும் சரிபார்த்த பிறகே அதைத் தொடங்குங்கள்.